பிரிவு ஆறு

மார்ச் மாதம். வெர்மான்ட் தலைநகரில்
பனி பாதி சேறாகிவிட்டது.
குழு அறையில் ஹீட்டர் இருமுகிறது.
மேசையில் மாநிலத்தின் அவசரகாலச் சட்டம்,
நாற்பத்தொரு பக்கம்,
அட்டையில் யாரோ எப்போதோ வைத்த
காபிக் கோப்பையின் வட்டம்.

நான் குறிப்பெடுப்பவள்.
கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

பிரிவு இரண்டு: வரையறைகள்.
பேரிடர் என்பது
எதிரியின் விமானம், தொற்றுநோய், தீ, வெள்ளம்.
விமானம்தான் முதலில்.
என் ஆயுளில் அது வரவில்லை.
வரிசையில் கடைசியாக நிற்கும் வெள்ளம்
முறை பார்க்காமல் வந்துபோகிறது.

பிரிவு நான்கு: தொடர்புப் பட்டியல்.
முதல் எண்ணை அழைத்தோம். பீட்சா கடை.
இரண்டாவது ஹார்லன் பூஃபார்,
இறந்து மூன்று வருடம்.
மனைவி எடுத்தாள்.
"பரவாயில்லை,
அவரை யாராவது கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றாள்.
இதை எப்படிப் பதிவது?
'தொடர்பு கிடைத்தது' என்று எழுதினேன்.

கிடங்கைப் பார்க்கப் போனோம்.
சாவி வைத்திருப்பவர் விடுமுறையில்.
ஜன்னல் வழியே தெரிந்தவை:
மடக்குக் கட்டில்கள், உறை பிரிக்காமல்.
ஒரு ஜெனரேட்டர்.
அதன்மேல் ஒற்றைக் கொம்போடு
ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மான்.
செனட்டர் லஷான்ஸ் கண்ணாடியைக் கையுறையால் துடைத்து
நெடுநேரம் பார்த்தார்.
"தயார்நிலை, பகுதியளவு. அப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்."

அப்புறம் பிரிவு ஆறு.
'ஆபத்து நெருங்கும்போது
நகர அலுவலர் மக்களை எச்சரிக்கலாம்.'

அந்த 'லாம்'.
நாக்கு ஒருமுறை மேலே தொட்டு இறங்கும் நேரம்.
போன ஜூலையில், இரவு பதினொன்றே காலுக்கு,
நகர அலுவலரின் மேசையில் அது உட்கார்ந்திருந்தது.
அவர் கெட்டவர் இல்லை.
எச்சரிக்கை பொய்த்தால் யார் பொறுப்பு என்று
பிரிவு ஒன்பதில் தேடிக்கொண்டிருந்தார்.
காபிள் ஆறு எதையும் தேடவில்லை.

ஆர்டித் கிம்பால், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
நாய் குரைத்து விழித்தவள்,
டிப்போ பூட்டை ஜாக்கிக் கம்பியால் உடைத்து
ஏழாம் எண் பேருந்தை எடுத்தாள்.
மில் தெரு நெடுக ஹாரனிலிருந்து கை எடுக்கவில்லை.
முப்பத்தாறு பேர் ஏறினார்கள்.
ஒருவர் பறவைக் கூண்டோடு.
ஒருத்தி இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு.

இன்று அவள் சாட்சி நாற்காலியில்.
மைக்கை அவ்வளவு அருகில் வைத்திருக்கிறாள்,
மூச்சுக்கூடக் கேட்கிறது.
சட்ட ஆலோசகர் வாசிக்கிறார்:
பூட்டை உடைத்தது, அனுமதியின்றி வாகனம் எடுத்தது,
இருபத்துநான்கு இருக்கைகளில் முப்பத்தாறு பேர்.
"எந்தப் பிரிவின் கீழ் செயல்பட்டீர்கள்?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.
"கீழேயா? கீழே எல்லாம் தண்ணிதான் இருந்தது."
யாரோ சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.
"அந்தத் தெருவில் நாற்பது பேர்" என்றாள்.

அறையில் எல்லோருக்கும்
கழித்தல் தெரியும்.
ஹீட்டரும் அப்போது பார்த்து நின்றுவிட்டது.

சாப்பாட்டுக்குப் பின் திருத்தம் வந்தது:
'எச்சரிக்கலாம்' நீக்கி 'எச்சரிக்க வேண்டும்'.
நகராட்சிகளின் வழக்கறிஞர் எழுந்தார்.
சின்ன ஊர்கள், ஒரே எழுத்தர், வழக்கு, காப்பீடு.
அவர் சொன்னதிலும் பொய் இல்லை.
மூன்றே முக்கால் மணி நேரத்தில்
ஒரு சொல் முளைத்து உள்ளே வந்து உட்கார்ந்தது.
'இயன்றவரை எச்சரிக்க வேண்டும்.'
ஐந்துக்கு நான்கு. நிறைவேறியது.

தட்டச்சு செய்தேன்.
இயன்றவரை என்பதில்
முதலில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், பிறகு சேர்த்தேன்.

இதெல்லாம் ஆர்டித்துக்குத் தெரியாது.
சாட்சி முடிந்ததுமே போய்விட்டாள்.
நடைவழியில் என்னை நிறுத்தி,
பார்க்கிங் சீட்டில் முத்திரை எங்கே குத்துவார்கள் என்று கேட்டாள்.
மாடி என்றேன், கொஞ்சம் காத்திருக்கலாமே என்றேன்,
முடிவைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:
"மூணு மணிக்குப் பிள்ளைங்களை ஏத்தணும்."