செய்கூலி

பழையதுக்கு வாய் கிடையாது.
அதன் சார்பில் பதினோரு வருஷம் நான்தான் பேசினேன்,
லாங் பஜாரில், மிளகாய் மண்டிக்கு மேலே,
தும்மிக்கொண்டே ஏறவேண்டிய மாடியில்.

குடியாத்தத்தில் ஒரு பாகப்பிரிவினை,
ஆம்பூரில் நொடித்துப்போன தோல் மண்டி,
ஆரணியில் திடீரென்று வரன் அமைந்த வீடு.
முதல் ஆளாய்ப் போய் நிற்பேன்.
அட்டிகை, வங்கி, புல்லாக்கு, ஒற்றைக் கால் தண்டை.
எடைக்கு வாங்கி
வயசுக்கு விற்பேன்.

ஒற்றையாய் வருவதுதான் தொல்லை.
கிளி உட்கார்ந்த கெம்புத் தோடு ஒன்று,
முலாம் பூசிய வெள்ளி,
ஜோடி எங்கே போனதென்று விற்றவருக்கே தெரியவில்லை.
கிளியை நான் காகிதத்தில் வரைந்தேன்.
முனிரத்தினம் ஊதுகுழலை எடுத்தான்.
பிறகு கந்தகப் புகை, விளக்குக் கரி,
கோட்டை அகழிச் சேறு ஒரு வாளி,
அதில் மூன்று வாரப் புதையல்.
வெளியே எடுத்தபோது அதற்கு இருநூறு வயசு.

என் கிளி மட்டும் திரும்பிப் பார்த்தது.
கைப்பிழையா, ஆசையா, தெரியாது.
வலது காதுக்கு அப்படித்தான் என்று சமாளித்தேன்.
"ஆற்காட்டு நவாப் வீட்டுக் கல்யாணத்தில்..."
என்று ஆரம்பித்ததுமே
கொச்சி வியாபாரி பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டான்.

அப்புறம் ஒற்றைகூட இல்லாமலே
ஜோடிகள் பிறந்தன.
அவனுக்குக் கூலி, எனக்குக் கதை.

ஏழு வருஷம் கழித்து, ஒரு பங்குனி வெயிலில்
மாடியேறி வந்தார் தேப்நாத் என்கிற மால்டாக்காரர்.
பாபு ராவ் தெரு லாட்ஜ். மனைவி ஆஸ்பத்திரியில்.
வால்வு மாற்றவேண்டும்.
கைக்குட்டையைப் பிரித்தார்.
கொல்கத்தாவில் கல்யாண நாளுக்கு வாங்கியதாம்.
"நவாப் வீட்டுக் கல்யாணத்தில்..." என்று
அரைகுறை இந்தியில் அவர் தொடங்க,
நான் மூச்சுவிட்ட இடங்களிலேயே அவரும் மூச்சுவிட்டார்.
கிளி திரும்பி என்னைப் பார்த்தது.

சொல்லியிருக்கலாம். மூன்று முறை வாய் வரை வந்தது.
அவர் முழங்கை மடிப்பில்
ரத்தம் கொடுத்த பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.
உரைகல்லை எடுக்கவில்லை.
நவாப் விலையையே கொடுத்தேன்.
எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு
"நன்றி" என்றார், தமிழில்.

அன்று இரவு லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
பழைய கிளியில் ஒரு குறையும் இல்லை.
ஆனால் என் கிளியின் கழுத்தில்தான்
ஏதோ நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் முனிரத்தினம் கந்தகம் பற்றவைத்தான்.
அணை என்றேன்.
"அப்ப புதுசாத் தெரியுமே அக்கா?"
தெரியட்டும்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்ற ஒரு மாலை
டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்தது அந்த வளையல்:
அகலமெல்லாம் பொரித்த மங்கல் வெள்ளி, மணலாய்.
ஓரத்தில் மட்டும் மெருகேற்றிய ஒரு கோடு,
நல்ல ஐப்பசியில் தெரிகிற அளவு தண்ணீர்.
உட்புறம் கிருபாவதி, முனிரத்தினம், வருஷம்.

ஐந்து மாசம் யாரும் அதைத் தொடவில்லை.
கொச்சிக்காரன் போன் எடுப்பதை நிறுத்தினான்.
வாடகைக்கு என் சொந்தச் சங்கிலி போனது,
அதையும் எடைக்குத்தான் எடுத்தார்கள்.

பிறகு சத்துவாச்சாரியிலிருந்து ஒரு நர்ஸ்,
நைட் டூட்டி முடிந்த கண்களோடு வந்து
வளையலை மாட்டிக் கையை அசைத்துப் பார்த்தாள்.
"இது எந்தக் காலத்துது?"
போன ஆடியில செஞ்சது.
சிரித்தாள். கழற்றவில்லை.
ஆனாலும் இருநூறு குறைக்கச் சொன்னாள்.

பில் புத்தகத்தோடு நின்றான் முனிரத்தினம்.
"செய்கூலி எவ்வளவு போடட்டும்?"
பதினோரு வருஷமும் கோடு போட்டு அடித்துவந்த கட்டம்.
பேனாவை நானே வாங்கி
ஒரு எண்ணை எழுதினேன்.

கொஞ்சம் அதிகம்தான்.