காவலர் சிரித்த இடம்

ஆற்றுக்கு அக்கரையில், அரண்மனை அலுவலகத்தில்
நாடகம் படித்து அனுமதி தருகிறவர்
நீலப் பென்சிலால் மூன்று 'கடவுளே'க்களை அடித்துவிட்டு
'எஸ்லாப்'பை விட்டுவைத்தார்.
ஏதோ பிரெஞ்சு மீன் என்று நினைத்திருக்கலாம்.

நான் வசனம் எடுத்துக்கொடுப்பவள்.
மேடையோரம், கேஸ் விளக்கு நாற்றம், மடியில் புத்தகம்.
ஒபதையா டிப்பெட் முட்டைக்கோஸ் வண்டியோடு வருவான்,
ரீப் ஒரு குவளை கேட்பான்.
பீரைக் கவிழ்த்தால் சிந்தாமல் மிஞ்சுவது அது.
பிறகு கடைசி வரிசைக் கதவைக் கண்ணால் காட்டி
'கூல் த எஸ்லாப்!'
லுக்கும் தலைகீழ், போலீஸும் தலைகீழ்.

மேல்மாடம் இடிந்து விழும்.
ஆரஞ்சுத் தோல் மழை.
லாம்பெத்தில் வண்டி தள்ளுகிற வாய்கள்
அந்தச் சொல்லை உள்ளும் புறமும் அறிந்தவை.

கதவருகே காவலுக்கு நின்ற ஹெசல்டைன்
எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்,
ஒன்பது இரவு,
தொப்பி நழுவ.

பத்தாம் இரவு
உதடு மட்டும் அசைந்தது,
முன்னிருந்து பின்,
பின்னிருந்து முன்.

இடைவேளையில் என்னிடம் வந்தார்.
வழக்குத்தான் என்று புத்தகத்தைப் பாவாடைக்குள் தள்ளினேன்.
'அம்மணி, அது நானா?'
நீங்கள்தான்.
'நன்றாக இருக்கிறது' என்றார். உண்மையாகவே அப்படித்தான் சொன்னார்.

மறுநாள் டிப்பெட் வாய் திறக்குமுன்
கதவருகிலிருந்து அவரே கத்தினார்:
'கூல் த எஸ்லாப்!'

மேல்மாடத்தில் ஓர் இருமல்.
யாரோ கொட்டை உடைத்தார்கள்.

சனிக்கிழமைக்குள் வேறு சொல் வேண்டும்.
அந்த வரியை நானே அடித்தேன்.
நீலப் பென்சில் இல்லை,
அடுப்புக்கரி.