நியூட்ரல்

கோரிமேட்டில் எங்கள் ஷெட்.
பதினொரு வண்டி, ஒரு எடைமேடை, ஒரு கரும்பலகை.
மலையேறும்போது அரிசி, சிமெண்ட், கோழித்தீவனம்.
இறங்கும்போது காப்பி மூட்டை, மிளகு,
சில நாள் சில்வர் ஓக் கட்டை.
டீசல் நோட்டு என் கையில்.

ஆறு புள்ளி இரண்டு. ஐந்து புள்ளி ஒன்பது.
புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால்
முதலாளி செங்கோட்டுவேலுக்கு ராத்தூக்கம் போய்விடும்.

ஆடியில் பலகையில் எழுதியது நான்தான்:
லிட்டருக்கு ஆறரை தாண்டினால்
மிச்சத்தில் பாதி டிரைவருக்கு.
எழுதி முடித்து, சாக்பீஸ் தூளைத் தட்டி,
கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டேன்.

ஆவணியில் எண்கள் ஏறின.
மாது ஏழு. குழந்தைவேலு ஏழேகால்.
சவரிமுத்து ஏழரை என்று மீசையைத் தடவினான்.
இருசப்பன் மட்டும்
ஆறிலேயே குந்தியிருந்தார்.
காலு கனத்துப்போச்சு பெரிசுக்கு, என்றது ஷெட்.
நானும் சிரித்தேன்.

புரட்டாசியில் லீ பஜாரிலிருந்து பில்.
பிரேக் லைனிங் நாலு செட்.
அடுத்த வாரம் மூன்று. டிரம் ஒன்று வெடித்து.
டீசல் நோட்டையும் ஸ்பேர் நோட்டையும்
பக்கத்தில் பக்கம் விரித்தேன்.
ஒரே பீரோவில்
வருசக்கணக்காய் முகம் பார்க்காமல் கிடந்தவை.
ஏழு ஓடிய வண்டியும்
லைனிங் தின்ற வண்டியும் ஒன்று.
இருசப்பன் பக்கத்தில்
போன தீபாவளியோடு சரி.

மறுநாள் அவர் வண்டியில் நானும் மலைக்குப் போய்
எண்பது மூட்டையோடு இறங்கினேன்.
இருபது கொண்டை ஊசி. எல்லாவற்றிலும் பனி.
கைப்பிடிச் சுவரில் குரங்கு
குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு.
அவர் மூன்றாவது கியரில் போட்டு
ரெண்டு காலையும் எடுத்துவிட்டார்.
வண்டி உறுமியது, ஆனால் ஓடவில்லை;
கயிறு கட்டிய மாடு மாதிரி
அவர் விட்ட அளவுக்கு வந்தது.

எங்களை முந்திக்கொண்டு சத்தமே இல்லாமல்
சவரிமுத்துவின் வண்டி.
சத்தமில்லாததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
பின்னாலேயே வந்தது
ரப்பரும் இரும்பும் கருகும் வாடை.

"நியூட்ரல்" என்றார்.
"தள்ளிவிட்டா மிச்சமாகும்னு நெனப்பு.
நியூட்ரல்ல எஞ்சின் தன் உசுரைப் பிடிச்சுக்கவாவது
ஒரு வாய் குடிக்கும்மா.
கியர்ல காலை எடுத்துட்டா
அந்த ஒரு வாயும் குடிக்காது."

அப்புறம் ஏழு எப்படி வந்தது?
அவர் பதில் சொல்லவில்லை.
பத்தாம் வளைவு தாண்டி, ஒன்பது தாண்டி,
எட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னார்:
"சொந்தக் காசுல ரெண்டு லிட்டர் ஊத்தி
நாலு லிட்டருக்கு ஊக்கத்தொகை வாங்குறான் ஒருத்தன்.
பேரு கேக்காதீங்க."

எனக்குக் காது சுட்டது.

"இறக்கத்துல தேடாதீங்க. டீசல் அங்க இல்ல.
காலைல ஷெட் வாசல்ல தேடுங்க.
ஆறு வண்டி, முக்கால் மணி நேரம்,
எடைச் சீட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு நிக்கிறோம்.
அணைச்சா செல்ஃப் எடுக்காது.
பேட்டரி கேட்டு மூணு மாசம் ஆச்சு."

எடைச் சீட்டில் கையெழுத்துப் போடுவது நான்.
ஏழு மணிக்கு வரவேண்டியவள்
ஏழே முக்காலுக்கு வருகிறவள்.

சாயங்காலம் பலகையை ஈரத்துணியால் துடைத்தேன்.
எழுத்து போனது, வெள்ளை போகவில்லை.
ஆறு பேட்டரி என்று முதலாளியிடம் சீட்டு நீட்டினேன்.
"எவ்வளவு மிச்சமாகும்?"
தெரியாது அண்ணா, என்றேன்.
அந்த வார்த்தையை அவர் என்னிடம் கேட்டதே இல்லை;
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

வீட்டுக்குக் கிளம்பினேன்.
கோரிமேட்டிலிருந்து அஸ்தம்பட்டிப் பக்கம்
ரோடு லேசாகச் சரியும்.
தினமும் அந்த இடத்தில்
ஸ்கூட்டர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு
விளக்கில்லாமல் உருண்டு போவேன்,
மாசத்துக்கு அரை லிட்டராவது மிஞ்சும் என்று.

பழகிய கை சாவிக்குப் போனது.
பின்னால் ஒரு லாரி
வெளிச்சத்தை என் முதுகில் வைத்துக்கொண்டு
மெதுவாக, உறுமிக்கொண்டே,
கியரில் வந்துகொண்டிருந்தது.