நாலாம் பாகத்துக்கு ஒரு வாக்கு

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் பக்டரியில்
இரவு வேலைக்கு இரண்டு பேர்.
நான் கறுவாக்கேணி, இஸ்பான் ஓட்டமாவடி.
பில் அடிக்கிற கொம்பியூட்டர் ஒன்று.
அதற்குள் ஐந்து பாகமும் கிடக்கிறது
கல்மகுடம்.
அட்டையில் இங்கிலீசில் வேறென்னவோ பேர்,
நாங்கள் வைத்தது இது.

ஒருவன் படை நகர்த்தும்போது மற்றவன் பார்க்கக் கூடாது.
அவன் வெளியே போய்
அமோனியாக் குழாயில் மானியைப் பார்த்துவிட்டு வருவான்.
"முடிஞ்சுதா?"
"இன்னும் இல்ல. மறுகா வா."
இலங்கையிலேயே
அதிகம் கவனிக்கப்பட்ட மானி எங்களுடையதாக இருக்கும்.

இஸ்பானுக்கு மூன்றாம் பாகம்.
அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தண்ணி கலந்த பால்.
மூன்றில் திங்கள் விடிந்தால்தான்
கோட்டையில் புதுப் படை பிறக்கும்.
சுவர்க் கலண்டர் வியாழன் என்று சொன்னாலும்
அவனுக்கு ஞாயிறு இரவு, நகம் கடிப்பான்.
சிறகு வைத்த சிங்கம் பதினாலு,
ஈட்டிக்காரர் நூற்றிப் பத்து,
தலைவன் மட்டும் குதிரையில் ஓரமாக நிற்பான்.
கையை உயர்த்துவான்.
ஒரு அம்பும் அவனில் படாது.

அதுதான் எனக்குப் பிடிக்காதது.

நாலில் தலைவனும் களத்தில் இறங்குவான்.
அடி வாங்குவான். சாவான்.
சவத்தைத் தூக்கிக்கொண்டு படை
ஆறு நாள் நடக்கும், உயிர் மீட்கும் கோயிலுக்கு.
பாலம் உடைந்திருந்தால் ஏழு.
புதுப் படையும் கிழமைக்குக் காத்திராது,
இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு,
தகர வாளிக்குள் எங்கள் ஐஸ் இறுகுகிற மாதிரி
ஓரத்திலிருந்து நடுவுக்கு
ஆரும் பார்க்காத நேரத்தில்.
இதைச் சொன்னேன்.
"ஐஸை வீட்டுக்கும் கொண்டு போறியாடா கறுவா" என்றான்.

ஐந்தாம் பாகத்தை முதலாளியின் மகன் வாங்கித் தந்தான்.
அவன் வந்தால் புகழுவோம்.
மவுசைப் பிடித்தால் மலை கிறுகும், கடல் கிறுகும்,
கோட்டை முதுகைக் காட்டும்.
வடிவுதான்.
எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதுதான் தெரியாது,
பிரிண்டரும் அந்நேரம் மூச்சு விடாது.
முதலாம் பாகம் பற்றிக் கேட்காதீர்கள்,
அதன் டிராகனைப் பெருப்பித்துப் பார்த்தால் கணவாய்.

போன கிழமை அவனுடைய பிள்ளைக்குக் காய்ச்சல்.
தனியே இருந்தேன்.
நாலைத் திறந்தால்
நான் விளையாடாத ஆட்டம் ஒன்று சேமித்துக் கிடக்கிறது.
திகதிகளைப் பார்த்தேன்:
எல்லாம் செவ்வாய், நான் லீவு நிற்கிற நாள்.

இருநூற்றிப் பன்னிரண்டாம் நாள்.
பனிக்காட்டு வழியில் ஒரு சின்னப் படை,
வில்லுக்காரர் நாலு பேர், கழுதை ஒன்று.
செத்த தலைவனைச் சுமந்து போகிறார்கள்.
கோயிலுக்கு இன்னும் மூன்று நாள்.
தலைவனின் பேர்
இங்கிலீசு எழுத்தில்
கறுவா.

ஒரு அடி நகர்த்தவில்லை.
மூடிவிட்டு
விளையாட ஆளில்லாத இரவிலும்
மானியைப் போய்ப் பார்த்தேன்.

மற்ற நாள் வந்தான்.
"பிள்ளைக்கு?"
"சுகம்."
தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தபடி தொடங்கினான்,
"சும்மா சொல்லப்படா, நாலெல்லாம் ஒரு விளையாட்டாடா?"
"ஓம், குப்பைதான்" என்றேன்.
மூடி கையிலிருக்க அப்படியே என்னைப் பார்த்தான்.
எட்டு வருசத்தில் நான் ஒத்துக்கொண்டதில்லை.
"உனக்கும் காய்ச்சலா?"
பிறகு கொம்பியூட்டரைப் பார்த்தான்.
பிறகு தேத்தண்ணியை.

மூன்றாம் பாகத்தைப் போட்டோம்.
அவன் திங்களுக்குக் காத்திருந்தான்.
இரண்டே முக்காலுக்கு போட் ஒன்று ஹோர்ன் அடித்தது,
அறுபது கட்டி வேணுமாம், அவசரமாம்.
ஆருடைய முறை என்று கேட்காமல்
சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினோம்.
திரையில்
எங்கள் தலைவர் இரண்டு பேரும்
குதிரை மேல், ஓரத்தில்,
கையை உயர்த்தியபடி.