ஒரு குழிக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய்

மோரிமோட்டோ ஊர் திரும்பும்போது
நாய்க்குட்டியைச் சமையல்காரம்மாவுக்கும்
பதினொரு கோல்ஃப் மட்டைகளை எனக்கும் விட்டுப்போனார்.
ஏன் எனக்கு என்று தெரியாது.
வால்வு விட்டத்தில் இரண்டு மைக்ரான் பிசகை
நான் பிடித்த அன்று கைகுலுக்கினார்,
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஓசூர் வீட்டில்
கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்
மூன்று மாதம் நின்றது பை.
பிறகு போன் போட ஆரம்பித்தேன்.

பெங்களூரில் ஒரு கிளப்
"மெம்பரா சார்?" என்றது.
இன்னொன்று
"மெம்பர் யாரையாவது தெரியுமா சார்?"
மூன்றாவது, வாங்க என்றது.
வார நாளில் மூவாயிரத்து ஐந்நூறு.
காலர் வைத்த பனியன்.
பை தூக்குகிறவருக்குத் தனி.
மூன்று மணிக்கு மேல் பாதி விலை,
வெளிச்சம் இருக்கிற வரைக்கும்.

தரப்பரிசோதனை ஆள் நான்,
வகுத்துப் பார்க்காமல் தூக்கம் வராது.
பதினெட்டால் வகுத்தேன்.
குழிக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய், சொச்சம்.
"பந்து உள்ள விழுந்தா
காசு திரும்ப வருமா?" என்றாள் நாகவேணி.

இரவு ஷிப்ட் முடிந்த ஒரு காலை
சூளகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே
தக்காளி லோடுக்குப் பின்னால் ஊர்ந்தபோது
கண்ணில் பட்டது.
அறுபத்திரண்டு மனைகள், மஞ்சள் அடித்த எல்லைக்கல்.
முல்லைத் தெரு, தாமரைத் தெரு என்று பலகை உண்டு,
வீடுதான் ஒன்றுகூட இல்லை.
கேழ்வரகு விளைந்த மண்ணில் தானாய் வந்த அருகம்புல்,
கத்தரிக்கச் சவுடப்பாவின் பதினாறு ஆடுகள்.
கோடியில் ஒரு பெரும்பாறை.
உடைக்கக் கட்டுப்படியாகாமல்
வரைபடத்தில் அதற்குப் பூங்கா என்று பெயர்.

காவலாளி கவுஸ் பாய் பையைப் பார்த்து
"மீன் பிடிக்கவா? ஏரி அந்தப் பக்கம்" என்றார்.
விளக்கினேன்.
வெகுநேரம் யோசித்து,
"குழி வெட்டினா மூடிட்டுப் போவணும்."
கட்டணம் இரண்டு டீ, ஒரு பேப்பர்.

குழி நூற்றெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம்.
மாங்கூழ் டப்பாவை வெர்னியரில் அளந்தேன்,
எட்டு மில்லி குறைச்சல்.
சர்வீஸில் முதல்முறையாகத்
தப்பான அளவுக்குப் பாஸ் போட்டு
ஒன்பது டப்பா புதைத்தேன்.
நாலாவது, மனை எண் முப்பத்தொன்று,
ஈசானிய மூலை.
அங்கே ஒரு சரிவு.
பந்து தயங்கி, வலப்பக்கம் எட்டிப் பார்த்து, விழும்.
மூவாயிரத்து ஐந்நூறில் இது உண்டா என்று
கேட்க மறந்துவிட்டேன்.

ஐந்தாம் ஞாயிறு
புரோக்கர் குணசீலன் கார் நிறைய ஆட்களோடு வந்தார்.
திட்டுவார் என்று மட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.
"வெள்ளைத் தொப்பி இருக்கா சார்?
ஞாயித்துக்கிழமை பதினொன்றுக்குக் கரெக்டா வந்து அடிங்க."
அடுத்த வாரம் புதுப் பலகை: கோல்ஃப் வியூ நகர்.
சதுரடி ஆயிரத்து இருநூறு
ஆயிரத்து அறுநூறு ஆனது.
டீயும் இப்போது அவர் கணக்கு.

"குழிக்குப் பூஜ்யம்" என்றேன் வீட்டில்.
நாகவேணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே
"அப்ப உனக்காக யாரோ கட்டறாங்க" என்றாள்.

ஆவணியில் முப்பத்தொன்று விற்றுப்போனது.
பூமி பூஜையில் கடப்பாறை இறங்க
ணங் என்றது.
"புதையல்!" என்றான் ஒரு பையன்.
மஞ்சளும் குங்குமமும் ஒட்டிக்கொண்டு
என் டப்பா வெளியே வந்தது,
உள்ளே போன வாரம் தொலைத்த பந்து.
"முட்டை மாதிரி இருக்கு, நல்லதா கெட்டதா?"
ஐயர் என்னைப் பார்த்தார்.
நான் தொப்பியைக் கழற்றினேன்.

வாங்கியவர் திம்மராஜ், பஸ் கண்டக்டர்.
ஆயிரத்து இருநூறு சதுரடி,
சதுரடிக்கு நானூறு கூடுதல்.
பெருக்கல் தானாக வந்துவிட்டது,
நான்கு லட்சத்து எண்பதாயிரம்.
வகுக்கத்தான் ஓடவில்லை.

"கோல்ஃப்னா இதானா சார்?" என்றார்,
கோபமில்லாமல்,
பாக்கிச் சில்லறை கேட்கிற பயணியைப் போல.
"எங்க வீட்டம்மா பார்த்ததே இல்ல. ஒண்ணு அடிங்க."

அந்தப் பந்தையே துடைத்து வைத்தேன்.
கால் கொஞ்சம் நடுங்கியது.
அடித்தேன்.
பாறையைத் தாண்டுமா தெரியவில்லை,
வெயிலுக்குள் போய்விட்டது.
அந்தம்மா நெற்றியில் கைவைத்து
இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.