பின் சக்கரங்கள் இரண்டும்

ஜி.பி. ரோட்டில் ஹபீபுல்லா
ஒரு ரூபாய் நாணயத்தை
என் டயரின் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தார்.
கணுக்கால் அளவுகூட முங்கவில்லை.
"காசே குளிக்க முடியாத பள்ளம்,
மழையை எங்கேம்மா வழியனுப்பும்?"

ஆம்னிக்குப் பதினேழு வயது.
என்ஜின் என் இருக்கைக்கு அடியில்,
மே மாதம் தொடையை வேகவைக்கும்.
வண்டியைத் தள்ளுவதோ பின்னாலிருக்கும் இரண்டு.
போகும்போது இருபத்தைந்து தண்ணீர் கேன்,
ரோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும்.
வரும்போது இருபத்தைந்தும் காலி.
பின்பக்கம் வெறும் காகிதம்.

போன ஐப்பசியில்
கத்திப்பாரா வளைவு.
முதல் தூறல். ஆறு மாத எண்ணெய்
தாரிலிருந்து எழுந்து வந்த நேரம்.
கொஞ்சம்தான் மிதித்தேன்.
என்னை முந்திக்கொண்டு திரும்பியது
என் வண்டியின் முதுகு.
ஒரு கணம் வந்த வழியையே பார்த்தபடி நின்றேன்,
எதிரே மாநகரப் பேருந்தின் முகம்.
காலி கேன்கள் கைதட்டின.

நாத்தனார் மகன் செல்வின் கால்கரியில் இருக்கிறான்.
பனிக்கு நான்கு, வெயிலுக்கு நான்கு.
வீடியோவில் காட்டினான்:
நிலவறையில், பாலிதீன் உறைக்குள்,
கல்யாணப் பட்டுபோல் மடித்து வைத்த டயர்கள்.
"ஏழு டிகிரிக்குக் கீழே போனா
கோடை டயர் கட்டையாயிடும் அத்தை."
எங்கள் வீட்டில் ஏழு டிகிரி
ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது,
அதுவும் கரண்ட் இருந்தால்.

எனக்கும் ஆசைதான்,
சித்திரைக்கு ஒரு ஜோடி, கார்த்திகைக்கு ஒரு ஜோடி.
பெரும்பாக்கம், ஆறாவது மாடி,
எங்கே வைப்பேன்?
கட்டிலுக்கு அடியில் கேன் மூடிகள்.
மொட்டை மாடியில் வைத்தால் தண்ணீர் தேங்கும்,
டார்ச்சோடு வரும் மாநகராட்சி அம்மா
கொசுப்புழுவை எண்ணி அபராதம் எழுதுவாள்.

ஹபீபுல்லா இரண்டை உருட்டி வந்தார்.
"இது மெது ரப்பர், ஆழமான பள்ளம்.
மழையில சொன்ன பேச்சு கேக்கும்.
பங்குனி வந்தா அழிரப்பர் மாதிரி தேயும்.
இது எல்லா நாளுக்கும்.
எதுலயும் முதல் மார்க் வாங்காது,
ஃபெயிலும் ஆகாது."
பன்னிரண்டாம் வகுப்பு வரை
நானும் அப்படித்தான் படித்தேன்.
நம்பிக்கை வந்தது.

பணம் இரண்டுக்குத்தான் இருந்தது.
ராபின்சன் போனில் கத்தினார்:
"முன்னாடி போடு, ஸ்டியரிங் அங்கதான இருக்கு!"
ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு
ஹபீபுல்லா டீயை ஒரு மடக்கு குடித்தார்.
"முன்சக்கரம் வழுக்குனா உங்களுக்குத் தெரியும்.
பின்சக்கரம் வழுக்குனா
ஊருக்கே தெரியும்."

போனை அணைத்தேன்.
சுக்தேவ் பழையதைக் கழற்றினான்,
உள்ளே ஓர் ஆணி, வெள்ளைப் பசை, இரண்டு ஒட்டு,
நான் மறந்துபோன பஞ்சர்கள் எல்லாம் அங்கே இருந்தன.
புது டயரின் விலாவில் நான்கு எண்களைத் துடைத்துக் காட்டினான்,
இந்த வருடம், இருபத்தெட்டாவது வாரம்.
பிறந்து மூன்று மாதம்.
உடம்பெல்லாம் ரப்பர் முடி.

வேளச்சேரி வழியே போயிருக்கலாம்.
கத்திப்பாராவுக்கு வண்டியை விட்டேன்.
ஆரஞ்சு எச்சரிக்கை என்று காலையிலிருந்து சொன்னார்கள்,
வெயில் அடித்தது.
நனையாத ரோடு, நனையாத பாலம்,
சோதித்துப் பார்க்க ஒரு சொட்டு இல்லை.
கேன் விற்கிறவள் மழையைத் திட்டலாம்,
வராததற்குத் திட்டியது அன்றுதான்.

அதே வளைவு.
ஆக்சிலேட்டரிலிருந்து கால் தானாக எழுந்தது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
காலுக்கு யாரும் சொல்லவில்லை
டயர் மாறிவிட்டதென்று.