நீக்க வேண்டாம்

ஹாமில்டனில் பார்ட்டன் வீதி.
கம்பளக் கடைக்குக் கீழே
மாதம் முந்நூற்றைம்பது டொலர் நிலவறை.
ஹீட்டர் நின்ற கிழமைகளுக்கு
முதலாளி இருபது கழிப்பார்.
கேட்டால் மட்டும்.

மார்ச்சில்தான் திரும்பப் போனோம்.
நிரோஜனின் மூலையை யாரும் பார்க்கவில்லை.
அப்படிப் பார்க்காமலிருக்க
மூன்று பேரும் நின்ற கோணங்கள்
விநோதமாயிருந்தன.
கெரன் சுவரைப் பார்த்துப் பாடினாள்.
பியோத்தர் தன் கிட்டாரின் கழுத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
பாஸ் வாசிக்கிறவனுக்குத்தான் வழியில்லை:
பதினோரு வருடமாய் நான் பார்த்து வாசித்தது
அவன் வலது காலை.
சாம்பல் நிற சொக்ஸ், பெருவிரலில் ஓட்டை.

இரவில் அவன் நகரசபையின்
பனி வாரும் வண்டி ஓட்டினான்.
பெப்ரவரி பதினாறு, விடிய நாலரை.
வண்டி ஓரங்கட்டி நின்றிருக்கிறது
மஞ்சள் விளக்கு சுழல,
வைப்பர் அசைந்தபடி.
நித்திரை என்றுதான் நினைத்தாராம் கண்டுபிடித்தவர்.
வைப்பர் என்ன வேகத்தில் அசைந்தது
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

ஸ்டோனி கிறீக்கிலிருந்து ஒரு பெடியன் வந்தான்.
நல்லாய் அடிப்பான் என்றார்கள்.
இருக்கையின் உயரத்தைத் தனக்கேற்பத் திருகினான்,
கெரன் எழுந்து வெளியே போனாள்.
ஒரு அடியும் அடிக்காமல் அவன்
உயரத்தைப் பழையபடி திருகி வைத்துவிட்டு
குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.
அவன் பெயரைக்கூட நாங்கள் சரியாகக் கேட்கவில்லை.

பிறகு மெஷின் வாங்கினோம்.
நூற்றுப் பதினெட்டில் வைத்தால்
நூற்றுப் பதினெட்டில் நிற்கும்.
நிரோஜன் நிற்கமாட்டான்.
இரண்டாம் சரணத்தில் என்ன அவசரமோ, ஓடுவான்.
"பஸ் பிடிக்கவாடா போறாய்?"
சிரித்துக்கொண்டு இன்னும் ஓடுவான்.
கிங்ஸ்டனில் ஒருமுறை, மேடைக்குப் பின்னால்,
அதற்காகவே சண்டை,
மூன்று கிழமை கதைக்கவில்லை.

மெஷின் பிழைவிடாமல் அடித்தது.
கெரனுக்கு வரி முடியுமுன்
மூச்சு முடிந்தது.
திரும்பப் பாடினாள். திரும்பவும்.
பத்தாம் தடவைதான் விளங்கிற்று:
பாட்டெல்லாம் அவன் அவசரத்துக்கு
அளவெடுத்துத் தைத்தவை.

ரசீது இருந்தது. நூற்று நாற்பது டொலர் திரும்பக் கிடைத்தது.

டிரம்ஸைச் சுதர்சினி ஏற்றிப் போனாள்,
தமையனின் வானில், இரண்டு தடவையாய்.
ஸ்னேர் ஒன்று மட்டும் மூலையில் மிஞ்சியது.
மறந்தாளா, விட்டாளா
கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

கடைசிப் பாட்டை டிரம்ஸ் இல்லாமலே பதிவு செய்தோம்.
தடித்த கம்பியை நான் தொட்டதும்
மூலையில் ஏதோ சிலிர்த்தது.

ஸ்னேரின் அடியில் ஓடும் கம்பிகள்.
தாழ்ந்த சுரம் அறையை நிரப்பினால்
தானே அதிரும் அது. விஞ்ஞானம்தான்.
முந்தியும் அதிர்ந்தது.
"அதை நிப்பாட்டடா" என்பேன்,
அவன் பார்க்காமலே கை நீட்டி
லீவரைத் தட்டிவிடுவான்.

இன்று தட்ட ஆளில்லை.
வாசித்தேன், வந்தது.
நிறுத்தினேன்,
என்னைவிட ஒரு கணம் பிந்தி நின்றது.
பியோத்தர் அன்றுதான்
அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தான்.

மிக்சிங் செய்பவர் கல்கரியில்.
எங்களில் ஒருவரையும் கண்டதில்லை.
எழுதியிருந்தார்:
கடைசிப் பாட்டு முழுக்க ஓர் இரைச்சல்,
ஹீட்டராய் இருக்கலாம், துடைத்துவிடவா?

கெரன் இரண்டு பந்தி எழுதினாள், அழித்தாள்.
அனுப்பியது இரண்டு சொல்.

இரவு நான் தனியாக இன்னொன்று அனுப்பினேன்:
இரண்டாம் சரணத்தில் மூவரும் ஓடுகிறோம்.
வேண்டுமென்று செய்யவில்லை.
அதுவும் இருக்கட்டும்.